நூறு கோழிக்கு ஒரு குப்பி

ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து வாங்கப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது 100 கோழிகளுக்கான குப்பி. அதற்கு மேல் 200, 500, 1000 என்று போகும். பெங்களூரின் காக்ஸ் டவுனில் கோழி வளர்ப்பவர்களிடம் இருப்பதோ நாலைந்து. வீலர் ரோட்டுப் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டாக இருந்தாலும் சரி, ஜீவனஹள்ளிச் சந்தின் மொட்டைமாடியாக இருந்தாலும் சரி, ஒரு டஜனைத் தாண்டுவது அபூர்வம்.

குப்பிக்குள் இருப்பது உறையவைத்து உலர்த்திய, உயிருள்ள வைரஸ். அதற்கென்று தரும் திரவத்தில் கரைத்துவிட்டால், ஐஸ் மேல் வைத்திருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மூடி வைத்து அடுத்த மாதம் எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து கோழிக்காரர் ஐந்து சொட்டை விட்டுவிட்டு 95 சொட்டைக் கொட்டியாக வேண்டும். விலை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் மனசு வராது. “இந்த அஞ்சு கோழிக்கா?” என்று தள்ளிப்போடுவார்கள். பிறகு நோய் வந்தால் ஒரு வாரத்துக்குள் ஐந்தும் போய்விடும்.

கோழி வளர்ப்போர் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்பதை நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதற்கும் முன்னால் இது ஒரு கணக்கு. நூறு கோழிக்குச் செய்த குப்பியை அதிகம் வீணாக்காமல் பயன்படுத்த, ஐந்து கோழிக்காரர் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து வீடாவது கூட்டுச் சேர வேண்டும்.

இப்படி வீட்டில் கோழி வளர்ப்போர் சின்னக் கூட்டமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்தக் கோழியினம் 85 கோடிக்கு மேல். அதில் ஏறக்குறைய 32 கோடி புறக்கடைக் கோழிகள். 2012 கணக்கோடு ஒப்பிட்டால் புறக்கடைக் கோழிகள் மட்டும் 45 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தன. பண்ணைகளுக்கு மருத்துவரும் மருந்து அட்டவணையும் உண்டு. புறக்கடைக்காரருக்கு இருப்பது பக்கத்து வீட்டு அக்காவின் அனுபவம்தான்.

ராணிக்கெட் நோயைத் தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள், கோழிக்கழிச்சல் என்றும் சொல்வார்கள். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் ஊரிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசல் நோய் என்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவூன் மலையில் இருக்கும் ராணிக்கெட்டில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பக்கத்து மலையிலேயே, முக்தேஸ்வரில், அன்றைய அரசு கால்நடை ஆய்வு நிலையம் இருந்தது. அங்கிருந்த எட்வர்ட்ஸ் 1928இல் இந்த நோயைப் பதிவு செய்தார். நமக்கு ராணிக்கெட் என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான்.

இந்த வைரஸில் எனக்குப் பெரிய வியப்பு, ஒரே குடும்பத்தில் பரம சாதுவும் கொலைகாரனும் இருப்பது. ஒரு வகை கோழியின் மூச்சுக்குழாயில் நாலு நாள் இருந்துவிட்டுத் தும்மலோடு போய்விடும். இன்னொரு வகை தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவிடும். இரண்டுக்கும் மரபணுத் தொகுதியின் நீளம் ஏறத்தாழ ஒன்றே, சுமார் 15,000 எழுத்து. உயிரைக் காப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் அதில் ஒரு சின்ன இடம்.

வைரஸின் மேற்பரப்பில் ‘எஃப்’ என்று ஒரு புரதம் இருக்கிறது. கோழியின் உயிரணுச் சவ்வோடு வைரஸின் உறையை ஒட்டவைத்து உள்ளே நுழைய வழி செய்வது அதன் வேலை. ஆனால் அந்தப் புரதம் பிறக்கும்போது வேலைக்குத் தயாராக இருக்காது. முடிச்சுப் போட்ட சுருக்குப்பை மாதிரி. யாராவது ஒரு குறிப்பிட்ட இடத்தில் அறுத்தால்தான் திறக்கும். அறுக்கும் கத்தி வைரஸிடம் கிடையாது, கோழியின் உடம்பில்தான் இருக்கிறது. சாதுவான வகையில் அந்த அறுபடும் இடத்தை, மூச்சுக்குழாயிலும் குடலிலும் சுரக்கும் டிரிப்சின் போன்ற நொதிகளால் மட்டுமே அறுக்க முடியும். அதனால் வைரஸ் அந்த இடங்களைத் தாண்டிப் போகாது. கொல்லும் வகையில் அதே இடத்தில் அர்ஜினின், லைசின் என்ற கார அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஃப்யூரின் என்ற நொதிக்கு அது போதும். ஃப்யூரின் இல்லாத உறுப்பே உடம்பில் இல்லை எனலாம். மூளை, மண்ணீரல், இரைப்பை என்று வைரஸ் எங்கும் நுழைந்து பெருகும்.

கோழிக்காரர்கள் கண்ணால் பார்ப்பது இதன் விளைவைத்தான். குடலைத் தாக்கினால் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்க் கழிச்சல். மூச்சு மண்டலத்தைத் தாக்கினால் அலகைத் திறந்து வைத்து இழுப்பு. நரம்பைத் தாக்கினால் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பும், இறக்கையும் காலும் இழுத்துக்கொள்ளும். தொற்றிய பிறகு இரண்டு நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில், அறிகுறி தெரியும். தெரிந்த பிறகு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை.

தடுப்பு மருந்தின் சூட்சுமமும் அதே அறுபடும் இடத்தில்தான். லசோட்டா, எஃப் (மேலே சொன்ன எஃப் புரதம் அல்ல, ஒரு வைரஸ் வகையின் பெயர்) என்ற தடுப்பூசி வகைகள் அந்தச் சாதுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குஞ்சின் ஐந்து முதல் ஏழு நாள் வயதில் கண்ணில் ஒரு சொட்டு, மறுபடி நாலாவது வாரத்தில் ஒரு சொட்டு. ஏன் கண்? பறவைகளின் கண்குழிக்குள் ஹார்டர் சுரப்பி என்று ஒன்று உண்டு. நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் உயிரணுக்கள் அதில் குவிந்து கிடக்கும். கண்ணில் விட்ட சொட்டு அங்கே வேலையைத் தொடங்கி, கண்ணீர் வழியாக மூக்குக்கும் இறங்கும். எந்த வழியாக நோய் வருமோ அந்த வாசலிலேயே காவல் நின்றுவிடும்.

அடுத்தது ஊசி. எட்டு முதல் பத்து வார வயதில் தோலுக்கடியில் அரை மில்லி. கர்நாடகத்தில் இதை ஆர்2பி என்று கேட்டால் தருவார்கள். 1940களில் முக்தேஸ்வரில், வைரஸைக் கோழிமுட்டைக் கருவில் திரும்பத் திரும்பச் செலுத்தி வலுவிழக்கச் செய்த வகை இது. தமிழ்நாட்டில் அதே இடத்தில் இருப்பது ஆர்.டி.வி.கே. இவை சொட்டு மருந்தைவிட வீரியமானவை. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதற்கே முடக்குவாதம் வந்துவிடலாம். வயதுக் கணக்கு பார்க்காமல் “எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுடு” என்பது ஆபத்து.

தண்ணீரில் கலந்து வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பெங்களூரில் அதில் ஒரு வம்பு இருக்கிறது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் உண்டு. நம்மைக் காப்பாற்றும் அந்தக் குளோரின் தடுப்பூசி வைரஸையும் கொன்றுவிடும். பண்ணைகளில் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து குளோரினை முடக்கிவிட்டுத்தான் மருந்தைச் சேர்ப்பார்கள். அப்படியும் எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்று தெரியாது. அடக்கி வைக்கப்பட்ட கோழி, மேலே நிற்கும் சேவல் விலகும்வரை தண்ணீர்ப் பக்கமே வராது. ஐந்து கோழிக்கு ஐந்து சொட்டு என்று கண்ணில் விடுவதே உத்தமம்.

தமிழ்நாட்டு அரசு பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். கோடை தொடங்கும் முன் ஊர் முழுக்க ஒரே மூச்சில் போட்டுவிடும் ஏற்பாடு. நூறு சொட்டுப் பிரச்சினைக்கு அரசு கண்ட விடை அதுதான் என்பேன். பெருநகரத்து மொட்டைமாடிக்கு அந்த முகாம் ஏறி வராது. ஆகவே அதை நாமே நடத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாள் குறித்து, யார் யார் வீட்டில் எத்தனை என்று கணக்கெடுத்து, ஒரு குப்பி வாங்கி, ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போவது. ஒன்றை மறக்கக் கூடாது. கோழிகளை ஒரே இடத்துக்குக் கூட்டி வரவே கூடாது, மருந்துதான் அவை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். எங்காவது ஒரு கோழி உம்மென்று உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டை அன்று விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருப்பதால் சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். மருந்து நம் கண்ணில் தெறித்தால் சில நாள் கண் சிவந்து உறுத்தும். மனிதருக்குப் பொதுவாக அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

இனி சங்கடமான பகுதி. ஒரு வீட்டில் கோழி செத்தால் நாம் என்ன செய்வோம்? போய்ப் பார்ப்போம். பிள்ளைபோல் வளர்த்த கோழி, ஆறுதல் சொல்ல வேண்டாமா? கூண்டுக்குள் எட்டிப் பார்ப்போம், மிஞ்சியதைக் கையில் எடுத்துக் கொண்டையைத் தடவுவோம், அதே செருப்போடு நம் வீட்டுக் கோழிகளிடம் திரும்பி வருவோம். நோயுற்ற கோழியின் எச்சத்தில் வைரஸ் ஏராளம். குளிர்ச்சியான நிழலில் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் இதமான காலநிலை அதற்கும் இதம்தான். துக்கம் விசாரிப்பது நம் பண்பாட்டில் மாற்ற முடியாத கடமை, ஒத்துக்கொள்கிறேன். கோழிச் சாவுக்கு மட்டும் வாசலோடு நின்று, அல்லது போனில் விசாரிக்கலாம்.

ஒன்று செத்ததும் மீதியை அவசரமாக விற்பதும், உறவினர் வீட்டுக்கு அனுப்பி ‘காப்பாற்றுவதும்’ இதைவிட மோசம். பார்வைக்கு நன்றாக இருக்கும் அந்தக் கோழிகள் நோயின் மறைவுக் காலத்தில் இருக்கலாம். உயிரோடு இடம் மாறும் கோழி நோயைப் பரப்பும் அளவுக்கு வேறெதுவும் பரப்பாது.

இதுவரை சொன்னது ராணிக்கெட். சாவுக்குக் காரணம் பறவைக் காய்ச்சல் என்றால் விஷயம் அரசாங்க விவகாரமாகிவிடும். இந்தியாவில் அது முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் உறுதியானது. பெங்களூருக்கு அது புதிதல்ல. 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவில் இருக்கும் மத்திய கோழி வளர்ச்சி நிறுவனத்திலேயே வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் இறந்து, எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை என்று உறுதியாகி, மிச்சப் பறவைகளும் அழிக்கப்பட்டன. நிபுணர்கள் நடத்தும் இடத்துக்கே அந்தக் கதி. 2025 பிப்ரவரி இறுதியில் சிக்கபள்ளாபுரம் மாவட்டம் வரதஹள்ளியில் அது பிடிபட்டபோது, முதலில் செத்தவை வீட்டுக் கோழிகள்.

நோய் உறுதியானால் தேசியச் செயல்திட்டப்படி அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகள் அழிக்கப்படும், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. காக்ஸ் டவுன் மார்க்கெட்டை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். ஜீவனஹள்ளி, குக் டவுன், ஃப்ரேசர் டவுனின் ஒரு பகுதி எல்லாம் அதற்குள் வந்துவிடும். முகம் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு நோய்க்கு உங்கள் கோழி உயிர் கொடுக்க நேரும். இழப்பீடு உண்டு, மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி தரும். அழுகிற குழந்தையிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

ராணிக்கெட்டா பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொண்டை கறுத்து நீலம் பாரிப்பது, முகம் வீங்குவது, திடீர்ச் சாவு, பச்சைக் கழிச்சல் எல்லாம் இரண்டிலும் வரும். ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அதுவரை செத்த கோழியை உரிப்பதும் கழுவுவதும் கூடாது. நன்றாக வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது என்பது உண்மை. ஆபத்து சட்டியில் இல்லை, அறுக்கும் கையிலும் இறகு பிடுங்கும்போது எழும் தூசியிலும் இருக்கிறது.

“காலையில நல்லா மேய்ஞ்சுது, சாயங்காலம் செத்துக் கிடக்குது” என்பார்கள். பெரும்பாலும் அது காலையிலும் நல்லாயில்லை. இரையாகும் விலங்கு பலவீனத்தைக் காட்டினால் பருந்துக்கும் பூனைக்கும் முதல் பலி. கூட்டத்துக்குள்ளேயே கொத்தும் விழும். நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் விவரித்த ‘கொத்து வரிசை’ அதுதான். கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற ஏணி. நோய் கண்டது தெரிந்தால் மற்றவை ஏணியில் கீழே தள்ளிவிடும். அதனால் கோழி கடைசி மூச்சுவரை தீனியைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். கொத்தும், விழுங்காது. வாரம் ஒருமுறை இரவில், கூண்டடைந்த பிறகு, கையில் எடுத்துப் பாருங்கள். மார்பெலும்பு கத்திபோல் துருத்தினால், காலையில் கழுத்தடித் தீனிப்பை காலியாகாமல் கல்லுபோல் இருந்தால், அது பல நாளாகவே சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. எடுக்கும்போது மார்பை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு.

கோழிக்குத் துக்கம் உண்டா? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் எட்கர் குழு 2011இல் ஒரு சோதனை வெளியிட்டது. குஞ்சுகள் மீது மெல்லக் காற்றை ஊதியபோது பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத் துடிப்பு கூடியது, கண்ணின் வெப்பம் குறைந்தது, குஞ்சைக் கூப்பிடும் குரல் அதிகமானது. தன் மேல் ஊதியபோது இதயம் அப்படித் துடிக்கவில்லை. குஞ்சின் அவஸ்தை தாயைத் தொடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. கூட்டாளி செத்ததற்குக் கோழி வருந்துகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்று செத்த பிறகு மற்றவை கத்துவதும் சண்டையிடுவதும் ஏணி மறுபடி அடுக்கப்படுவதால் இருக்கலாம். என் கவலை வேறு. “துணை போச்சு, அதான் சாப்பிடமாட்டேங்குது” என்று நாம் இரக்கப்படும் அந்தக் கோழி, பல நேரம் அதே நோயின் அடுத்த பலி. துக்கம் என்று எண்ணி இரண்டு நாளைக் கோட்டைவிடுகிறோம்.

பக்கத்து வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டால் கோழி அம்மைக்குக் கேட்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்பதுபோல்தான் தெரியும். கொசுவால் பரவும் அந்தத் தோல் அம்மை, கவனித்துக்கொண்டால் மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். தானாக ஆறும் நோய்தான் எல்லா மருந்துக்கும் பேர் வாங்கிக் கொடுக்கிறது. அந்தப் பேரை நம்பி வெள்ளைக்கழிச்சலுக்கும் சின்ன வெங்காயம் ஊட்டிக்கொண்டிருந்தால் பலனில்லை. மறுபக்கம், மருந்துக் கடையில் ஏதாவது ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கி ஊற்றுவோர். வைரஸுக்கு அது எதுவும் செய்யாது, முட்டை வழியாக நம் வயிற்றுக்குத்தான் வரும். மனிதருக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது, கிருமிகளுக்கு அது பழகிப்போய்விடக் கூடாது என்பதால்தான். ரத்தக் கழிச்சல் மட்டும் வேறு கதை. ஈரக் குப்பையில் பெருகும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் வேலை அது. மருத்துவர் எழுதித் தரும் ஆம்ப்ரோலியத்தை உடனே தண்ணீரில் கொடுத்தால் பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடும். ஆக, எது எதுவென்று தெரிவதே பாதி வைத்தியம்.

    

எது எதுவென்று தெரிய வழி இருக்கிறது. காக்ஸ் டவுனிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் ஹெப்பாலில் கால்நடை நலம் மற்றும் உயிரியல் மருந்து நிறுவனம் இருக்கிறது. தடுப்பூசி தயாரிப்பதும், தென்மண்டல நோயறி ஆய்வகமும் அங்கேதான். அதே ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. ராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலும் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009இன் பட்டியலில் இருப்பவை. சந்தேகம் வந்தால் சொல்ல வேண்டியது வளர்ப்பவரின் கடமை. ஒன்றுக்கு மேற்பட்ட கோழி திடீரென்று செத்தால் முதலில் அரசு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், உடலை நீங்களாகத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். ஒற்றைக் கோழி செத்து, மருத்துவரும் கொண்டுவரச் சொன்னால், கையுறை போட்டு இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து ஒரு நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்து பரிசோதனை பாதி வீணாகும். அனுப்ப முடியாவிட்டால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சாக்கடையிலும் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், நாயும் பருந்தும் அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும்.

செல்லமாய் வளர்த்ததை அறுத்துப் பார்க்கக் கொடுப்பதா என்று தயங்குவது இயல்புதான். ஆனால் அந்த அறிக்கையில் வரும் ஒரு வரி சுற்றியிருக்கும் பதினைந்து வீட்டுக் கோழிகளுக்கும் சேர்த்து எழுதப்படுவது. கிடைத்ததும் எல்லோருக்கும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். பக்கத்தில் யார் யார் வீட்டில் சேவல் கூவுகிறது என்று இந்த வாரமே விசாரித்துவையுங்கள். குப்பி வாங்கும் நாளை அவர்களோடு சேர்ந்து குறியுங்கள்.